மலையில் நூறு மைல், பள்ளத்தாக்கில் 43 டிகிரி: வாசகர் கேள்வி பதில்

கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் ஜூன் கடைசி வார இறுதியில் நடக்கும் 'வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ்' ஓட்டத்தைப் பற்றி வந்த கேள்விகளை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். தூரம் 100.2 மைல், அதாவது 161 கி.மீ. சனிக்கிழமை காலை 5 மணிக்கு ஒலிம்பிக் வேலி என்ற ஊரில் கிளம்பினால், ஞாயிறு காலை 11 மணிக்குள் ஆபர்ன் ஊரின் பள்ளி மைதானத்துக்கு வந்து சேர வேண்டும். 24 மணி நேரத்துக்குள் முடித்தால் பரிசாக வெள்ளி பெல்ட் பக்கிள், 30 மணி நேரத்துக்குள் என்றால் வெண்கலம். குதிரைகளுக்கான பந்தயப் பாதை இது. 1974இல் கோர்டி ஐன்ஸ்லி குதிரையே இல்லாமல் அதில் ஓடி, 23 மணி 42 நிமிடத்தில் முடித்தார். இந்த ஓட்டத்தின் தொடக்கம் அதுதான்.

கேள்வி: மே மாதத்துச் சென்னை வெயிலிலேயே ஓடிப் பழகியவன் நான். அந்த ஊர் வெயிலுக்கென்று தனியாகத் தயாராக வேண்டுமா?
*வாசகர், சென்னை*

உங்கள் உடம்பு தயார்தான். உங்கள் கணக்குதான் தயாராக இல்லை. சென்னையில் காற்றிலேயே ஈரம் இருப்பதால் வியர்வை காயாமல் சொட்டும். எவ்வளவு போகிறது என்று கண்ணுக்குத் தெரியும். அங்கே வறண்ட காற்று. வந்த வியர்வை வந்த இடத்திலேயே காய்ந்துவிடும். சட்டையில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருப்பதைப் பார்த்த பிறகுதான் எவ்வளவு இழந்திருக்கிறோம் என்று புரியும். 'எனக்கு வியர்க்கவே இல்லை' என்று தண்ணீரைத் தள்ளிப்போடுகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

வெயிலில் தினமும் ஒரு மணி நேரம் ஓடினால், முதல் வாரத்திலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும். அதே வேகத்தில் இதயத் துடிப்பு குறையும். பத்து முதல் பதினான்கு நாளில் வியர்வை சீக்கிரம் தொடங்கும், நிறைய வரும், அதில் உப்பும் குறையும். வெயிலை விட்டு விலகியதும் இந்தப் பழக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையத் தொடங்கும், சில வாரங்களில் பெரும்பகுதி போய்விடும். அதனால் மே மாதத்தில் பழகிவிட்டு ஜூன் முழுக்க ஏ.சி. அறையில் இருந்தால் பலனில்லை. போய் இறங்கிய பிறகு, ஓடி முடித்த கையோடு 40 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் கழுத்தளவு உட்காருங்கள். முதல் நாள் 15 நிமிடம், பிறகு படிப்படியாக 30, 40 நிமிடம். எழும்போது மெதுவாக எழுந்திருங்கள். ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கித் தலைசுற்றும். இதய நோயோ ரத்த அழுத்தமோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொட்டி பக்கமே போகாதீர்கள்.

இன்னொன்று: வேகப் பயிற்சியை வெயிலில் வைக்காதீர்கள். அது அதிகாலைக்கு. வெயிலில் ஓடுவது மெதுவாகவே இருக்கட்டும்.

கேள்வி: மணிக்கு எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உப்பு? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
*வாசகி, கோவை*

ஆளுக்கு ஆள் மாறுவதால்தான் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். உங்கள் அளவை நீங்களே கண்டுபிடியுங்கள். வெயிலில் பந்தய வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடுங்கள். ஓடுவதற்கு முன்னும், ஓடியபின் உடம்பைத் துடைத்துவிட்டும், ஆடையில்லாமல் எடை பாருங்கள். 1.2 கிலோ குறைந்திருக்கிறது, நடுவில் அரை லிட்டர் குடித்தீர்கள் என்றால், உங்கள் வியர்வை மணிக்கு 1.7 லிட்டர்.

அதற்காக 1.7 லிட்டரையும் குடிக்கப் பார்க்காதீர்கள். மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் குடல் ஏற்பது பெரும்பாலோருக்குக் கடினம்; மிச்சம் வயிற்றில் குலுங்கும், பிறகு வாந்தியாக வரும். பந்தய முடிவில் எடையில் 2, 3 சதவீதம் குறைந்திருப்பது இயல்பு. எடை கூடியிருந்தால்தான் பயப்பட வேண்டும். மோதிரம் இறுகுகிறது, விரல்கள் வீங்குகின்றன, தலை வலிக்கிறது என்றால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகிறது. அப்போது மேலும் தண்ணீர் குடிப்பது ஆபத்து.

சோடியம் மணிக்கு 300 முதல் 600 மில்லிகிராம் என்று தொடங்கிப் பாருங்கள். ஒரு கிராம் சமையல் உப்பில் ஏறக்குறைய 390 மி.கி. சோடியம் இருக்கிறது. மருந்துக்கடை ஓ.ஆர்.எஸ். ஒரு லிட்டரில் சுமார் 1,700 மி.கி. சோடியமும் வெறும் 13.5 கிராம் குளுக்கோஸும்தான். வயிற்றுப்போக்குக்காகச் செய்தது அது. மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து வேண்டிய ஓட்டக்காரருக்கு அது உணவாகாது.

கேள்வி: என் கணவர் ஓடுகிறார். வழியில் உதவ நான் போகிறேன். கையில் என்ன இருக்க வேண்டும்?
*வாசகி, சான் ஹோசே*

ஐஸ். முதலில் ஐஸ், இரண்டாவதும் ஐஸ். உடம்பு சூடானால் வியர்வைக்காக ரத்தம் தோலுக்கு ஓடும். வயிற்றுக்கு ரத்தம் குறையும். செரிமானம் நிற்கும். அப்புறம் ஓட்டத்தில் உணவாகச் சாப்பிடும் எந்த ஜெல் கொடுத்தாலும் வெளியேதான் வரும். பலர் 'சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை' என்று நினைப்பது பெரும்பாலும் சூடு ஒத்துக்கொள்ளாததுதான். ஆகவே வயிறு கலங்கினால் மருந்து தேடாமல், நிழலில் உட்காரவைத்து, நனைத்து, இருபது நிமிடம் மெதுவாக்குங்கள்.

ஒரு பருத்தித் துணியை நீளவாக்கில் மடித்து, ஓரங்களைத் தைத்துக் குழாய்போல் ஆக்குங்கள். அதில் ஐஸ் நிரப்பிக் கழுத்தில் கட்டிவிடுங்கள். தொப்பிக்குள் ஒரு கைப்பிடி, கைகளில் போட்ட வெள்ளைச் சட்டைக்கைக்குள் கொஞ்சம். உருகும் நீர் காயக் காயக் குளிர்ச்சி தரும். பள்ளத்தாக்கில் வெப்பம் 43 டிகிரியைத் தொடும் ஆண்டுகள் உண்டு. ஸ்விங்கிங் பிரிட்ஜ் என்ற பாலத்திலிருந்து டெவில்ஸ் தம்ப் என்ற மேட்டுக்கு ஏறும் மூன்று கிலோமீட்டருக்குள் 450 மீட்டர் உயரம், காற்றே இருக்காது. ஏறும் முன் கீழே ஓடும் தண்ணீரில் முழுக்கப் படுத்து எழச் சொல்லுங்கள். அந்த இரண்டு நிமிடம் வீணில்லை.

உளறினாலோ, தள்ளாடினாலோ, கோபமாக அர்த்தமில்லாமல் பேசினாலோ வெப்பத் தாக்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பு வியர்த்துக்கொண்டிருந்தாலும் அது வரலாம். முதலில் ஐஸ் தண்ணீரில் கழுத்தளவு உட்காரவைத்துக் குளிர வையுங்கள், பிறகுதான் ஆஸ்பத்திரி. கிடைக்காவிட்டால் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். வலிக்கு ஐபுபுரூஃபன் தரவே தராதீர்கள். நீர் வற்றிய உடம்பில், தசை சிதைந்துகொண்டிருக்கும்போது, சிறுநீரகம் தாங்காது.

கேள்வி: ஏற்றத்துக்காக நிறையப் படியேறுகிறேன். போதுமா?
*வாசகர், சேலம்*

போதாது. இந்தப் பாதையில் ஏற்றம் சுமார் 5,500 மீட்டர், இறக்கம் சுமார் 7,000. தொடைத் தசை நீண்டுகொண்டே சுமை தாங்குவது இறக்கத்தில்தான். நார்கள் கிழிவதும் அங்கேதான். ஒருமுறை நல்ல இறக்கத்தில் தொடை வலிக்க ஓடினால், அடுத்த சில வாரங்களுக்கு அதே சுமைக்குச் சேதம் குறையும். ஆகவே பந்தயத்துக்கு ஆறு வாரம், மூன்று வாரம் முன்னால் நீண்ட இறக்க ஓட்டம் ஒவ்வொன்று. ஏற்காடு மலைச்சாலையில் மேலே பஸ்ஸில் போய், இறங்கி ஓடுங்கள். வண்டிகள் குறைந்த விடியற்காலையில். கடைசி இரண்டு வாரம் வேண்டாம். ஓடும்போது அடிகள் சிறிதாக, உடலுக்கு நேர் கீழே விழட்டும். முன்னே நீட்டி வைத்து ஊன்றினால் தொடைதான் பிரேக்.

கேள்வி: ஷூ எந்த அளவு?
*வாசகர், திருச்சி*

வழக்கத்தைவிட அரை அளவு பெரிது, கால் வீங்கும். சில ஆண்டுகளில் பாதையின் தொடக்கத்தில் பனி கிடக்கும். 78ஆவது மைலில் ரக்கி சக்கி என்ற இடத்தில் கயிற்றைப் பிடித்து (நீர் அதிகமான ஆண்டுகளில் படகில்) ஆற்றைக் கடக்க வேண்டும். நீர் வடியும் வலைத்துணி ஷூவாக எடுங்கள், நீர்புகா ஷூ வேண்டாம். உள்ளே போன நீர் அதில் வெளியே வராது. அக்கரையில் கொண்டுவந்து வைக்க உலர்ந்த காலுறை ஒரு ஜோடி தயாராக இருக்கட்டும்.