கல்யாணத்தை முடித்துவிட்டு விசா கேளுங்கள்

கேள்வி: நான் நர்ஸ். ஜெர்மனியில் ஒரு மருத்துவமனையில் வேலை உறுதியாகிவிட்டது. என் படிப்புக்கு முழு அங்கீகாரம் இல்லை. அங்கே போய்ப் பயிற்சி முடிக்க வேண்டும் என்று கடிதம் வந்திருக்கிறது. படிப்புக்கு அங்கீகாரம் பெறுவதற்கான 16டி விசாவுக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். எனக்குத் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. முடித்துவிட்டுப் போவதா, போய்விட்டு வந்து செய்துகொள்வதா? கணவரையும் அழைத்துப் போக முடியுமா?

பதில்: முடித்துவிட்டே போங்கள், பதிவும் செய்துவிடுங்கள். ஜெர்மனியின் வசிப்புரிமைச் சட்டம் 30-வது பிரிவில் பார்ப்பது இதைத்தான்: உங்களுக்கு அனுமதி தரும்போதே திருமணம் ஆகியிருந்ததா, ஓராண்டுக்கு மேல் அங்கே இருப்பீர்களா? இரண்டுக்கும் ஆம் என்றால் அவர் வரலாம். அனுமதி வாங்கிய பிறகு கல்யாணம் என்றால், பொதுவாக இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டிவரும். பயிற்சிக் காலம் ஓராண்டைத் தாண்டுவது தெரியும்படி வேலை ஒப்பந்தத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.

அவருக்கு ஏ1 அளவு, அதாவது தொடக்க நிலை, ஜெர்மன் மொழி தேவை. உங்களுக்கு முழு அங்கீகாரம் வந்து திறன்பெற்ற பணியாளருக்கான 18ஏ அனுமதிக்கு மாறிய பிறகு துணைக்கு இந்த நிபந்தனை இல்லை. அதை நம்பி அவர் படிக்காமல் இருக்க வேண்டாம், இந்த வாரமே வகுப்பில் சேரட்டும்.

பலர் மாட்டிக்கொள்வது வீட்டு விஷயத்தில்தான். தனி வீடு என்றால் ஆளுக்கு 12 சதுர மீட்டர் என்பது அலுவலகங்கள் பார்க்கும் கணக்கு. மருத்துவமனை விடுதியில் தரும் ஒற்றை அறை இதற்குப் போதாது. பயிற்சிக் காலச் சம்பளம் உதவியாளர் அளவில்தான் இருக்கும் என்பதால், வாடகை போக இருவர் செலவுக்கு மிஞ்சுமா என்றும் பார்ப்பார்கள். ஆகவே, குடும்ப வீடு ஏற்பாடு செய்து தருவார்களா என்று மருத்துவமனையிடம் இப்போதே கேளுங்கள். தருவார்கள் என்றால் விசா சீக்கிரம் கிடைக்க வேலை தருபவர் தொடங்கும் 81ஏ விரைவு நடைமுறையைத் தொடங்கச் சொல்லுங்கள். கட்டணம் 411 யூரோ. அதே சமயத்தில் விண்ணப்பித்தால் கணவரின் விசாவும் அதில் சேரும். வீடு இல்லை என்றால் நீங்கள் முதலில் போய் வீடு பார்ப்பதே நல்லது. சில மாதப் பிரிவு கஷ்டம்தான், தெரிகிறது. ஆனால் வீடு இல்லாமல் விண்ணப்பித்து மறுப்பு வாங்கினால் அதைவிட நீண்ட காலம் பிரிந்திருக்க நேரும்.

வந்த பிறகு அவர் எந்த வேலைக்கும் போகலாம், சொந்தத் தொழிலும் செய்யலாம். வேலை கிடைக்கும்வரை உங்கள் அரசு மருத்துவக் காப்பீட்டிலேயே தனிக் கட்டணமின்றி அவரைச் சேர்த்துக்கொள்ளலாம்.