பீஃப் ஸ்ட்ரோகனாஃப் சமைப்போர் கேட்ட கேள்விகளும் பதில்களும்

ரஷ்யச் சமையலைப் பற்றி வந்த கேள்விகளில் பெரும்பாலானவை இம்முறை ஒரே உணவைப் பற்றியவையாக இருந்ததால், பீஃப் ஸ்ட்ரோகனாஃபுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன். மெல்லியதாக நறுக்கிய மாட்டிறைச்சியைக் கடுந்தீயில் சில நிமிடங்களே வறுத்து, வெங்காயத்தோடும் சிறிதளவு கடுகுச் சாந்தோடும் சேர்த்து, கடைசியில் ஸ்மெத்தானா எனப்படும் புளித்த பாலேட்டில் புரட்டி எடுப்பதே இந்த உணவு. இதைக் குழம்பாக நினைத்துக்கொண்டு அடுப்பில் நெடுநேரம் விடுவதால்தான் வந்திருக்கும் சிக்கல்களில் பாதி விளைகின்றன என்பது என் எண்ணம்.

கேள்வி: இறைச்சியை வாணலியில் போட்டவுடன் நிறையத் தண்ணீர் விட்டு, சாம்பல் நிறமாகி, மென்று விழுங்க முடியாதபடி கடினமாகிவிட்டது. தீயைக் குறைத்திருக்க வேண்டுமா?

தீயைக் கூட்டியிருக்க வேண்டும்; ஒரே நேரத்தில் போட்ட அளவைத்தான் குறைத்திருக்க வேண்டும். அரைக்கிலோ இறைச்சியை ஒரேயடியாகக் கொட்டினால் சட்டியின் சூடு சட்டெனக் கீழிறங்கிவிடுகிறது. இறைச்சியிலிருந்து கசியும் நீர் உடனே ஆவியாக முடியாமல் தேங்கி நிற்க, அந்த நீரிலேயே துண்டுகள் வேகத் தொடங்குகின்றன. நீர் இருக்கும்வரை சூடு 100 பாகையைத் தாண்டாது. வறுத்த இறைச்சியின் மணமும் பழுப்பு நிறமும் உருவாவதற்கோ மேற்பரப்பு ஏறத்தாழ 140 பாகை செல்சியஸை எட்ட வேண்டும். ஆகவே துண்டுகளைத் துணியாலோ காகிதத்தாலோ ஈரம் போக ஒற்றி எடுங்கள்; கனமான இரும்புச் சட்டியைப் புகை எழும் தறுவாய்வரை காயவிடுங்கள்; ஒன்றையொன்று தொடாதபடி ஒரு கையளவு மட்டும் பரப்பி, முதல் அரை நிமிடம் கிளறாமல் விட்டு, பிறகு திருப்பிப் போட்டு இன்னோர் அரை நிமிடத்தில் தட்டுக்கு மாற்றிவிடுங்கள். உள்ளே சற்று இளஞ்சிவப்பாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும், ஏனெனில் கடைசியில் சாற்றோடு சேரும்போது மீதி வேக்காடு தானாக நடந்துவிடும். தட்டில் வடியும் சாற்றைக் கொட்டிவிடாதீர்கள். அது அப்படியே சட்டிக்குத் திரும்ப வேண்டியது.

கேள்வி: எந்தப் பகுதி இறைச்சியை வாங்குவது?

விலை கட்டுப்படியாகுமானால், முதுகெலும்பின் உட்புறம் ஓடும் மென்மையான தசையையே வாங்குங்கள். நம் ஊர்க் கடைகளில் அண்டர்கட் என்று கேட்டால் தருவார்கள். அதற்கு அடுத்தபடியாக முதுகுப் பகுதியின் இறைச்சியும் பொருந்தும். தொடை, தோள் ஆகிய பகுதிகள் இந்த விரைவான முறைக்கு ஒத்துவருவதில்லை. அவை மட்டுமே கிடைத்தால், அல்லது வயது முதிர்ந்த மாடு, எருமை ஆகியவற்றின் இறைச்சியாக இருந்தால், இதே போல வறுத்துவிட்டு, வெங்காயமும் எலும்புச் சாறும் சேர்த்து மூடி, மென்மையாகும்வரை ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ சிறு தீயில் வேகவைத்து, இறுதியில் ஸ்மெத்தானா சேருங்கள். இதுவும் மதிக்கத்தக்க உணவுதான். ஆனால் இரண்டு முறைகளையும் கலந்து, கடினமான இறைச்சியைப் பத்து நிமிடமோ மென்மையான இறைச்சியை ஒரு மணி நேரமோ சமைத்தால் இரண்டுமே வீணாகும்.

நறுக்கும் முறையும் வாங்கும் இறைச்சிக்கு இணையான முக்கியத்துவம் உடையது. தசை நார் ஓடும் திசையைப் பார்த்து, அதற்குக் குறுக்காக ஒன்றரை சென்டிமீட்டர் கனத்தில் வில்லைகள் போடுங்கள். அவற்றை லேசாகத் தட்டி முக்கால் சென்டிமீட்டருக்கும் குறைவான கனத்துக்குக் கொண்டுவந்து, 3 முதல் 4 சென்டிமீட்டர் நீளமுள்ள குச்சிகளாக வெட்டுங்கள். முன்னதாக அரை மணி நேரம் உறைபெட்டியில் வைத்தால் இறைச்சி இறுகி, கத்தி வழுக்காமல் இறங்கும்.

கேள்வி: நான்கு பேருக்கான அளவுகளையும் செய்யும் வரிசையையும் தெளிவாகச் சொல்லுங்கள்.

இறைச்சி 600 கிராம், பெரிய வெங்காயம் இரண்டு, வெண்ணெய் 30 கிராம், எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, மைதா ஒரு மேசைக்கரண்டி, உப்பில்லாத மாட்டெலும்புச் சாறு 200 மில்லி, ஸ்மெத்தானா 200 கிராம், கடுகுச் சாந்து ஒன்றரைத் தேக்கரண்டி, உப்பு, கருமிளகுத் தூள் ஆகியவை போதும். விரும்பினால் ஒரு தேக்கரண்டி தக்காளிச் சாந்து சேர்க்கலாம்.

வறுக்கப் போகும் தறுவாயில் மட்டும் இறைச்சியில் உப்பும் மிளகும் தூவி, முன்பு சொன்னபடி எண்ணெயில் சிறு சிறு தவணைகளாக வறுத்து எடுத்து வையுங்கள். அதே சட்டியில் தீயைக் குறைத்து, வெண்ணெயிட்டு, மெல்லியதாக அரிந்த வெங்காயத்தைப் பொன்னிறத்துக்குச் சற்று முந்தைய பதம்வரை, பத்து நிமிடமாவது பொறுமையாக வதக்குங்கள். மைதாவைத் தூவி, பச்சை வாசனை போக ஒரு நிமிடம் கிளறி, எலும்புச் சாற்றைச் சிறிது சிறிதாக ஊற்றி, சட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் பழுப்பைக் கரண்டியால் சுரண்டிக் கரையுங்கள். அந்தப் பழுப்பில்தான் உணவின் சுவையில் பெரும்பகுதி இருக்கிறது. கரண்டியின் முதுகில் படியும் அளவுக்குச் சாறு சுண்டியபின் கடுகுச் சாந்தைக் கலந்து, அடுப்பை மிகச் சிறியதாக்கி ஸ்மெத்தானாவைச் சேர்த்து, இறைச்சியையும் தட்டில் வடிந்த சாற்றையும் உள்ளே விட்டு, இரண்டு மூன்று நிமிடம் கொதிக்கவிடாமல் சூடாக்கி இறக்குங்கள். சிலர் மாவை இறைச்சியிலேயே புரட்டி வறுப்பார்கள். பல தவணைகளாக வறுக்கும்போது உதிரும் மாவு அடியில் கருகிக் கசப்பதால் நான் வெங்காயத்தோடு சேர்ப்பதையே பரிந்துரைக்கிறேன்.

கேள்வி: புளிப்புப் பாலேட்டை ஊற்றியதும் திரிந்து, எண்ணெய் தனியாகவும் துகள் தனியாகவும் நின்றது. எப்படித் தடுப்பது?

புளிப்பும் கடுஞ்சூடும் ஒன்றுசேரும்போது பாலின் புரதங்கள் ஒன்றோடொன்று இறுகித் துகள்களாகப் பிரிகின்றன. கொழுப்பு மிகுந்திருந்தால் அது புரதங்களுக்கிடையே நின்று இந்த இறுக்கத்தைத் தடுக்கிறது. சாற்றில் கரைந்த மாவும் அதே வேலையைச் செய்கிறது. ஆகவே ரஷ்யக் கடைகளில் 10 முதல் 30 விழுக்காடுவரை கொழுப்புள்ள ஸ்மெத்தானா விற்கப்பட்டாலும், இதற்கு 20 விழுக்காட்டுக்குக் குறையாததையே எடுக்க வேண்டும். அதைக் குளிர்பெட்டியிலிருந்து அரை மணி நேரம் முன்பே வெளியே வைத்து, ஒரு கிண்ணத்தில் இட்டு, சட்டியிலுள்ள சூடான சாற்றில் இரண்டு மூன்று கரண்டி ஊற்றிக் கலக்கி இளஞ்சூடாக்கியபின் சட்டியில் சேருங்கள். சேர்த்தபின் ஒரு கொதிகூட வரக்கூடாது. திரிந்துவிட்டதைப் பழைய நிலைக்கு முழுமையாகக் கொண்டுவர இயலாது. இறைச்சியை அரித்தெடுத்துவிட்டு, சாற்றை மட்டும் மத்திலோ மிக்சியிலோ அடித்து, சிறிது புது பாலேடு சேர்த்தால் ஓரளவு ஒன்றுகூடும்.

கேள்வி: எங்கள் ஊரில் ஸ்மெத்தானா கிடைப்பதில்லை. கெட்டித் தயிரைப் பயன்படுத்தலாமா?

தயிரை மட்டும் பயன்படுத்தினால், நான் மேலே சொன்ன காரணத்தால் நிச்சயம் திரியும். கடையில் கிடைக்கும் 25 விழுக்காடு கொழுப்புள்ள கிரீம் 250 மில்லியை இளஞ்சூடாக்கி, இரண்டு மேசைக்கரண்டி புதுத்தயிரை உறையாக ஊற்றிக் கலந்து, எட்டுப் பத்து மணி நேரம் வெளியில் வைத்து, பின்னர் ஓர் இரவு குளிரவிடுங்கள். ஸ்மெத்தானாவும் பாலேட்டை நொதிக்கவைத்துச் செய்யப்படுவதுதான் என்பதால், இது மிக நெருங்கிய மாற்று. அவசரத்துக்கு, துணியில் கட்டி நீர் வடித்த தயிர் ஒரு பங்கும் கிரீம் இரண்டு பங்கும் கலந்துகொள்ளலாம். எலுமிச்சைச் சாறு பிழிந்த கிரீமை நான் பரிந்துரைக்க மாட்டேன். புளிப்பு இருக்கும், நொதித்த பாலின் ஆழம் இருக்காது.

கேள்வி: காளான் இல்லாமல் ஸ்ட்ரோகனாஃப் உண்டா? நான் பார்த்த காணொளிகள் எல்லாவற்றிலும் காளான்தான் முதலில் விழுகிறது.

உண்டு. அச்சில் கிடைக்கும் மிகப் பழைய குறிப்பாகக் கருதப்படுவது, எலெனா மொலோகோவெத்ஸ் எழுதிய ‘இளம் இல்லத்தரசிகளுக்கு ஒரு பரிசு’ என்ற புகழ்பெற்ற சமையல் நூலின் 1871 ஆம் ஆண்டுப் பதிப்பில் இருப்பதாகும். அதில் இறைச்சி குச்சிகளாக அல்லாமல் சிறு கட்டிகளாக வெட்டப்படுகிறது, கடுகும் எலும்புச் சாறும் சிறிதளவு ஸ்மெத்தானாவும் இருக்கின்றன, காளான் இல்லை. வெங்காயமும் தக்காளியும் பின்னால் சேர்ந்தவை; 1912 ஆம் ஆண்டுக் குறிப்பு ஒன்றில் இரண்டையும் காண்கிறோம். காளான் சேர்ப்பது குற்றமில்லை, ஆனால் அது நிறைய நீர் விடும் பொருள் என்பதால் தனிச்சட்டியில் நீர் வற்றும்வரை வறுத்த பிறகே சேர்க்க வேண்டும். 200 கிராமுக்கு மேல் போட்டால் அது காளான் உணவாகிவிடும்.

கேள்வி: கடுகு எதற்கு? அதைச் சேர்த்தால் காரம் நெடியாக ஏறாதா?

இந்தக் கேள்விக்காக மகிழ்கிறேன், ஏனெனில் இந்த உணவில் பலரும் விட்டுவிடுகிற பொருள் இதுதான். அந்த 1871 ஆம் ஆண்டுக் குறிப்பின் தலைப்பிலேயே கடுகு இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ரஷ்யாவில் கடுகு என்றாலே சரேப்தா கடுகுதான். வோல்கா ஆற்றின் கீழ்ப்பகுதியில், இன்றைய வோல்கோகிராத் நகரின் எல்லைக்குள், 1765 இல் ஜெர்மானியக் குடியேறிகள் நிறுவிய ஊர் சரேப்தா. கடுகு எண்ணெயும் கடுகு மாவும் அங்கிருந்துதான் ரஷ்யா முழுவதும் பரவின. சரேப்தாவில் விளைந்ததும் நாம் தாளிக்கும் கடுகும் தாவர இயலில் ஒரே இனம் என்பதால், இறக்குமதிப் புட்டியைத் தேட வேண்டிய தேவையே நமக்கில்லை.

கடுகை நன்றாகப் பொடித்து, குளிர்ந்த நீரில் குழைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். விதை உடையும்போது அதிலுள்ள நொதியும் மற்றொரு பொருளும் நீரில் சந்தித்துத்தான் நெடி பிறக்கிறது. வெந்நீர் ஊற்றினால் நொதி செயலிழந்து கசப்பு மட்டும் மிஞ்சும். மாவடுவுக்குக் கடுகை அரைத்து ஊற்றுபவர்களுக்கு இந்த நெடி பழக்கமானது. பிறகு சிறிது உப்பு, சர்க்கரை, வினிகர் சேர்த்து ஒரு நாள் வைத்தால் சாந்து தயார். சூடான சாற்றில் கலந்ததும் நெடியின் பெரும்பகுதி ஆவியாகிவிடுவதால் மூக்கில் ஏறாது. ஸ்மெத்தானாவின் கொழுப்பு நாவில் தேங்கித் திகட்டாதபடி அறுக்கும் ஒரு மெல்லிய கூர்மை மட்டும் நிற்கும். அந்தக் கூர்மை இல்லாத ஸ்ட்ரோகனாஃப் நான்காவது வாயிலேயே சலித்துவிடும்.

கேள்வி: இஞ்சி பூண்டு விழுதும் கரம் மசாலாவும் சேர்த்தால் நம் நாவுக்கு ஏற்றதாக இருக்குமே?

சுவையான ஓர் உணவு கிடைக்கலாம், ஆனால் வறுத்த இறைச்சி, வெண்ணெயில் வதங்கிய வெங்காயம், நொதித்த பாலேடு ஆகிய மூன்றின் மணமும் அதில் புதைந்துவிடும். காரம் வேண்டுவோர் கருமிளகைக் கூட்டிக்கொள்ளட்டும்.

கேள்வி: ரஷ்யாவின் கசான் நகரில் மருத்துவம் படிக்கிறேன். எங்கள் உணவகத்தில் இது தக்காளி நிறத்தில், நிறையச் சாற்றோடு, வேகவைத்த பக்வீட் என்னும் தானியத்தின் மேல் ஊற்றித் தரப்படுகிறது. இது போலியா?

போலி இல்லை. சோவியத் காலத்துப் பொது உணவகங்கள் இந்த உணவைப் பெருமளவில் சமைத்தபோது, விலை குறைந்த இறைச்சியை நீண்ட நேரம் வேகவைத்து, மாவு சேர்த்த ஸ்மெத்தானா சாற்றைப் பெருக்கி, அதை எளிய மக்களின் தட்டுக்குக் கொண்டுவந்தன. உங்கள் உணவகம் அந்த வழியில் நிற்கிறது. பக்வீட் மிக நல்ல துணை. அதன் லேசான கசப்பு இந்தச் சாற்றின் கொழுமையைத் தாங்கும்.

கேள்வி: நூடுல்ஸோடு பரிமாறுவதுதானே முறை?

அகலமான முட்டை நூடுல்ஸ் அமெரிக்க வழக்கம். ரஷ்யாவில் மரபான துணை, தீக்குச்சிக் கனத்தில் அரிந்து மொறுமொறுப்பாகப் பொரித்த உருளைக்கிழங்கு. மசித்த உருளைக்கிழங்கும் வீடுகளில் உண்டு. அரிந்த கிழங்கை இருமுறை நீரில் அலசி மாவுப்பசையை நீக்கி, முற்றிலும் உலர்த்திப் பொரியுங்கள். பிரேசிலில் சோற்றோடும் இதே உருளைக் குச்சிகளோடும் உண்கிறார்கள் என்பதால், நீங்கள் சோற்றோடு உண்டாலும் துணைக்கு ஆளுண்டு. வெள்ளரி ஊறுகாயைத் தட்டின் ஓரத்தில் வைக்க மறவாதீர்கள்.

கேள்வி: பெயருக்குரிய ஸ்ட்ரோகனோவ் யார்?

உப்பு வணிகத்தில் செல்வம் சேர்த்து, பதினாறாம் நூற்றாண்டில் கொசாக் படைத்தலைவர் எர்மாக்கின் சைபீரியப் படையெடுப்புக்குப் பொருளுதவி செய்த பெருங்குடும்பம் அது. பீட்டர்ஸ்பர்க் நெவ்ஸ்கி சாலையில் கட்டடக் கலைஞர் ராஸ்த்ரெல்லி கட்டிய அவர்களது மாளிகை இன்றும் நிற்கிறது. கருங்கடல் துறைமுக நகரான ஒதெஸ்ஸாவில் வாழ்ந்த அலெக்சாந்தர் ஸ்ட்ரோகனோவ் பிரபு, வருவோர்க்கெல்லாம் விருந்தளித்ததால், எளிதில் பங்கிடக்கூடிய இந்த உணவை அவருடைய சமையற்காரர் உருவாக்கினார் என்பது ஒரு கதை. பல்லிழந்த முதிய பிரபுவுக்காக இறைச்சி சிறிதாக நறுக்கப்பட்டது என்பது இன்னொன்று. இரண்டுக்கும் சான்றில்லை.

கேள்வி: என் வீட்டில் சிலர் மாட்டிறைச்சி உண்பதில்லை. கோழியில் செய்தால்?

கோழியின் நெஞ்சுப் பகுதியை இதே போல நறுக்கி, உள்ளே இளஞ்சிவப்பு இல்லாமல் முழுவதும் வேகும்வரை வறுத்துச் செய்யலாம். மாட்டிறைச்சி உண்போர் ஈரலிலும் செய்து பார்க்க வேண்டும். ஸ்ட்ரோகனோவ் முறை ஈரல் ரஷ்ய வீடுகளில் வழக்கமான உணவு. ஈரலின் மேல்தோலை உரித்து, குச்சிகளாக வெட்டி, அரை மணி நேரம் பாலில் ஊறவைத்து ஒற்றியெடுத்து வறுத்தால் கசப்பு குறையும்.

கேள்வி: மீந்ததை எத்தனை நாள் வைக்கலாம்?

குளிர்பெட்டியில் இரண்டு நாள். உறையவைத்தால் சாறு பிரிந்துவிடும். மறுநாள் சூடாக்கும்போது ஓரிரு கரண்டி எலும்புச் சாறு ஊற்றி, சிறு தீயில், கொதி வராமல் கிளறிச் சூடாக்குங்கள். விருந்துக்கு முன்னதாகவே செய்துவைக்க நினைப்போர் வெங்காயச் சாற்றுப் பதம்வரை மட்டும் முடித்து வைத்துக்கொண்டு, இறைச்சியை வறுப்பதையும் ஸ்மெத்தானா சேர்ப்பதையும் விருந்தினர் உட்கார்ந்தபின் செய்வது நல்லது. அதற்குக் கால் மணி நேரம் போதும்.