வாசகர் கேள்வி: கல்லறை ஓவியங்களின் படிகள்

கேள்வி: மகனின் வரலாற்றுப் பாடநூலில் எகிப்தியக் கல்லறை ஒன்றின் அறுவடைக் காட்சி உள்ளது. அடியில் 'படி' (பார்த்து வரைந்த நகல்) என்று குறித்திருக்கிறார்கள். சுவரையே புகைப்படம் எடுத்திருக்கலாமே? – ஒரு வாசகி, ரோஸ்ஹில், மொரீஷியஸ்

பதில்: எடுத்தார்கள், ஆனால் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இருண்ட கல்லறைக்குள் வண்ணத்தை உள்ளபடி பதிவுசெய்யப் புகைப்படத்தால் இயலவில்லை. ஆகவே நியூயார்க் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகம், எகிப்தின் லக்சர் நகருக்கு எதிரே, நைல் ஆற்றின் மறுகரையில் உள்ள கல்லறைகளைப் படியெடுக்க ஓவியர் குழு ஒன்றை அமர்த்தியது. நார்மன் டேவிஸும் அவர் மனைவி நினா டேவிஸும் அதில் முதன்மையானவர்கள். ஒளி ஊடுருவும் நீர்வண்ணம் பழைய எகிப்தியரின் அடர்ந்த பூச்சுக்குப் பொருந்தாது என்பதால், நினா முட்டைக்கருவில் குழைத்த வண்ணத்தைக் கையாண்டார். என் கருத்தில், அப்படிகளின் உயிர்ப்புக்கு இத்தேர்வே முக்கியக் காரணம்.

சுமார் கி.மு. 1400ஐச் சேர்ந்த மென்னாவின் கல்லறையை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் வயல்களின் கணக்கர். கயிறு பிடித்துப் பயிர் நிலத்தை அளக்கும் ஆட்களைப் பார்த்தால், கரும்புத் தோட்டத்துச் சர்தார்களின் (வேலை மேற்பார்வையாளர்களின்) கதை கேட்டு வளர்ந்த நம்மவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. கதிர் பொறுக்கும் இரு சிறுமியர் ஒருவர் தலைமுடியை ஒருவர் பிடித்து இழுக்கிறார்கள்; சற்றுத் தள்ளி ஒருத்தி, தோழியின் காலில் தைத்த முள்ளை எடுக்கிறாள். மென்னாவின் கண்களைப் பிற்காலத்தில் யாரோ வேண்டுமென்றே சிதைத்திருக்கிறார்கள். மூல ஓவியம் இன்றும் அச்சுவரிலேயே உள்ளது.