பெட்டியில் 'இதயத்துக்கு நல்லது' என்று போட்டிருக்கிறதே?

கேள்வி: எனக்கு 61 வயது. ஆறு வருஷமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். சென்னையிலிருந்து மகன் தேன், பழம் கலந்த மல்டிகிரெய்ன் மியூஸ்லி (பாலில் போட்டுச் சாப்பிடும் தானியக் கலவை) அனுப்புகிறான். பெட்டியில் 'கொலஸ்ட்ரால் இல்லை', 'நார்ச்சத்து அதிகம்', 'இதயத்துக்கு நல்லது' என்று இருக்கிறது. இட்லியை நிறுத்திவிட்டு ஒரு மாதமாகக் காலையில் பாலோடு அதைத்தான் சாப்பிடுகிறேன். சாப்பிட்டபின் பார்த்தால் சர்க்கரை முன்பைவிடக் கூடியிருக்கிறது. ஏன் டாக்டர்?
- வாசகி, தேவகோட்டை

பதில்: ஆச்சி, அந்த வரிகள் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் உங்களுக்குத் தெரிய வேண்டியது அவற்றில் இல்லை. அரிசி, கோதுமை, சோளம் எதிலுமே கொலஸ்ட்ரால் கிடையாது. மல்டிகிரெய்ன் என்றால் பல தானியம், அவ்வளவுதான். தவிடு நீக்கியதா, முழுசா என்று அதில் தெரியாது. 100 கிராமில் 6 கிராம் நார்ச்சத்து இருந்தால் 'அதிகம்' என்று போடலாம். கூடவே சர்க்கரை எவ்வளவு என்று அந்த வரி சொல்லாது. 'இதயத்துக்கு நல்லது' என்பது பெரும்பாலும் ஓட்ஸில் உள்ள பீட்டா குளுக்கான் என்ற நார்ச்சத்தை வைத்துச் சொல்வது. அது தினம் 3 கிராம் சேர்ந்தால்தான் கொலஸ்ட்ரால் குறையும். அதற்கே சுமார் 75 கிராம் வெறும் ஓட்ஸ் வேண்டும்.

போன வாரம் காரைக்குடியில் என்னிடம் வந்த ஓர் அம்மா இப்படி ஒரு பெட்டியைக் கையோடு கொண்டுவந்தார். வீட்டில் போடுகிற மாதிரியே கிண்ணத்தில் போடச் சொல்லி, தராசில் வைத்தேன். 72 கிராம். பெட்டியில் ஒரு வேளைக்கு என்று போட்டிருந்தது 30 கிராம்! பின்பக்கப் பொடி எழுத்தில் 100 கிராமுக்குச் சர்க்கரை 26 கிராம். கணக்குப் போட்டால் அவர் கிண்ணத்தில் கிட்டத்தட்ட 19 கிராம், அதாவது நாலு டீஸ்பூன் சர்க்கரை. காபிக்குச் சர்க்கரை போடாமல் கட்டுப்பாடாக இருப்பவர் அவர், மனசு கஷ்டமாகிவிட்டது.

பின்பக்கத்தில் உள்ள பொருள் பட்டியலில் எடை அதிகமான பொருள்தான் முதலில் வரும். சர்க்கரை, தேன், குளுக்கோஸ் சிரப், மால்ட் எல்லாம் இரத்தத்தில் ஏறுகிற சர்க்கரைதான். அப்புறம், தட்டி வறுத்த தானியம் சீக்கிரம் செரித்துவிடும் என்பதால், இனிப்பு இல்லாததும் சர்க்கரையை ஏற்றலாம்.

இட்லிக்கே திரும்புங்கள்: இரண்டு போதும், காய் நிறையப் போட்ட சாம்பாரோடு. கூட ஒரு கிண்ணம் சுண்டலோ ஒரு முட்டையோ இருக்கட்டும். கவுனி அரிசி நல்லதுதானே என்பீர்கள். அரிசி நல்லதுதான், சர்க்கரையும் தேங்காயும் போட்டுக் கிண்டிய கவுனி உங்களுக்கு வேண்டாம்.

ஒருநாள் இட்லி, மறுநாள் மியூஸ்லி சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை பாருங்கள். அந்த எண்களை உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள். மாத்திரையை நீங்களாகக் கூட்டிவிடாதீர்கள். மகன் ஆசையாக வாங்குகிறார், வேண்டாம் என்று சொல்ல மனசு வராது. சரி, வாங்கும்முன் பெட்டியின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 100 கிராமுக்குச் சர்க்கரை 5 கிராமைத் தாண்டினால் அது உங்கள் வீட்டுக்கு வர வேண்டாம்.