பத்து நிமிடம், இருபத்தைந்து நிமிடம்

கேள்வி: நிமோனியா வந்த என் அப்பா (வயது 64) 11 நாட்களாக வெண்டிலேட்டரில் இருக்கிறார். நேற்று காலை அதை எடுத்துப் பார்த்துவிட்டு 10 நிமிடத்தில் மறுபடி வைத்துவிட்டார்கள். இன்று 25 நிமிடம். ‘தோல்வி’ என்கிறார்கள். தொண்டையில் துளை போடலாமா என்றும் கேட்கிறார்கள். மெஷினுக்கே பழகிவிட்டாரா? துணிந்து எடுத்துவிட்டால் தானாக மூச்சு விடமாட்டாரா? – ஒரு வாசகி

பதில்: அந்தத் ‘தோல்வி’ என்ற சொல்லை மருத்துவர்களாகிய நாங்கள் எங்களுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருக்கலாம். வாசலில் காத்திருப்பவர் காதில் அது வேறு மாதிரி விழுகிறது.

முதலில் ஒன்று. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அவர்கள் எதையும் எடுத்ததாகத் தெரியவில்லை. குழாய் தொண்டையிலேயே இருக்க, மெஷின் தரும் உதவியை மட்டும் குறைத்துவிட்டு, அவர் சொந்தமாக எவ்வளவு நேரம் மூச்சு விடுகிறார் என்று 30 நிமிடம் முதல் 2 மணி நேரம் வரை பார்ப்பார்கள். அதுதான் இந்தச் சோதனை.

படுக்கையருகில் நின்றால் எண்களுக்கு முன்பே உடம்பு சொல்லிவிடும். தொடக்கத்தில் நிமிடத்துக்கு 20 மூச்சு, ஒவ்வொன்றிலும் 400 மில்லி காற்று. கொஞ்ச நேரத்தில் 36 மூச்சு, ஒவ்வொன்றும் 200 மில்லிதான். கழுத்து நரம்புகள் புடைக்கும், நெற்றி வியர்க்கும், நெஞ்சு மேலே எழும்போது வயிறு உள்ளே போகும். மூச்சு எண்ணிக்கையை லிட்டர் கணக்கிலான காற்றளவால் வகுப்போம். முதலில் 50, பிறகு 180. 105-ஐத் தாண்டினால் பெரும்பாலும் தாங்கமாட்டார் என்று 1991-இலேயே கண்டார்கள். அந்த நேரத்தில் நிறுத்தி ஓய்வு கொடுப்பதுதான் சரி. களைத்த தசையை மேலும் விரட்டினால் நாளைய முயற்சியும் கெடும்.

‘பழகிவிட்டாரா’ என்ற உங்கள் பயத்தில் பாதி உண்மை உண்டு. மூச்சுக்கு உழைக்கும் உதரவிதானம், வேலையில்லாமல் இருந்தால் வேகமாக மெலியும். 18 முதல் 69 மணி நேரம் முழு ஓய்விலிருந்த உதரவிதானத்தின் தசை இழைகள் பாதிக்கும் மேல் சிறுத்திருந்ததை 2008-இல் ஓர் ஆய்வு காட்டியது. அதனால்தான் மயக்க மருந்தைக் குறைத்து, தினமும் ஒருமுறை அவரையே மூச்சு விடவைத்துப் பார்க்கிறார்கள். தினம் ஒரு முறை போதும். நாளெல்லாம் சோதிப்பதால் கூடுதல் பலன் இல்லை.

துணிந்து எடுத்துவிடலாமே என்கிறீர்கள். சோதனையில் தேறியவர்களிலேயே பத்தில் ஒருவர், இருவருக்கு மீண்டும் குழாய் போட வேண்டியிருக்கிறது. அவசரத்தில் போடும் இரண்டாவது குழாய் முதலாவதைவிட ஆபத்தானது. 10 நிமிடம் 25 ஆனதை நல்ல அறிகுறி என்று அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் உங்கள் இடத்தில் நான் இருந்தால் அதைக் கவனித்திருப்பேன்.

மருத்துவரிடம் ‘எப்போது எடுப்பீர்கள்’ என்று கேட்பதைவிட, ‘இன்று எதனால் தாங்கவில்லை’ என்று கேளுங்கள். நெஞ்சில் சளியா, உடம்பில் நீர் தேங்கியிருக்கிறதா, இதயம் திணறுகிறதா, மயக்க மருந்து இன்னும் தெளியவில்லையா, வெறும் பயமா? ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு வைத்தியம். இதயம்தான் காரணம் என்றால், நீரை வெளியேற்றும் மருந்து சில நாட்களில் கதையை மாற்றிவிடும்.

தொண்டைத் துளை, அதாவது டிரக்கியாஸ்டமி, கைவிட்டுவிட்டதன் அடையாளம் என்று பலர் நினைக்கிறார்கள். வாயிலிருக்கும் குழாயைத் தாங்கவைக்கத் தரும் மயக்க மருந்து அதில் வெகுவாகக் குறையும். அவர் விழித்திருப்பார், உட்காருவார், தினமும் சில மணி நேரம் மெஷின் இல்லாமல் பழகுவார். தேவை முடிந்ததும் குழாயை எடுத்தால் துளை பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்ளும்.

நாளைய சோதனையின்போது அருகில் இருக்க அனுமதி கேளுங்கள். அப்பா கண்ணாடி போடுபவர் என்றால் போட்டுவிடுங்கள். கிழமையும் நேரமும் சொல்லுங்கள். குழாய் குரல்வளை வழியே போவதால் அவரால் பதில் பேச முடியாது. ஆம், இல்லை என்று தலையசைத்தால் போதும் என்று சொல்லிவிடுங்கள். ‘நன்றாக மூச்சு விடுங்கள்’ என்று மட்டும் சொல்லாதீர்கள், அதைத்தான் அவர் செய்துகொண்டிருக்கிறார்.

குழாய் வெளியே வரும் நாளில் குரல் கம்மியிருக்கும். அவர் கேட்கும் முதல் விஷயம் தண்ணீராகத்தான் இருக்கும். விழுங்கும் திறனைச் சோதித்து முடிக்கும்வரை ஒரு சொட்டுக்கூடக் கொடுக்காதீர்கள். உதட்டை ஈரப் பஞ்சால் துடைக்கலாமா என்று செவிலியரிடம் கேளுங்கள்.