கொக்கின் கழுத்தில் குறிப்பு எதற்கு?

அன்புள்ள ஐயா,

மெக்கானிக்கல் படித்துவிட்டு ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். மாலையில் பித்தளைத் தகட்டிலும் கம்பியிலும் அசையும் உருவங்கள் செய்கிறேன். வீட்டில் பொம்மை என்கிறார்கள். கண்காட்சிக்கு அனுப்பும்போது சுற்றுச்சூழல் பற்றி ஒரு குறிப்பு சேர்த்தால் மதிப்பு கூடுமா? வேலையை விடலாமா? அடுத்து மோட்டார் வைக்கவும் ஆசை. சாவி கொடுத்தால் தலையாட்டும் கொக்கின் படத்தை இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகர், கோவை

அன்புள்ள தம்பிக்கு,

வேலை விஷயத்தை வீட்டில் பேசி முடிவெடுங்கள். அதில் எனக்கு வேலையில்லை.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கழுத்து வளைவில் சுத்தியல் தடங்களைத் தேய்த்து மறைக்காமல் விட்டிருக்கிறீர்கள். எவ்வளவு அழகு! இப்படியொரு கை வாய்த்தவர் எதற்கு இப்படிக் கூனிக் குறுகி எழுதுகிறீர்கள்?

கொஞ்ச நாளாகவே அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டர் நினைவாக இருக்கிறேன். அவரும் மெக்கானிக்கல்தான், 1919இல் பட்டம். அதற்கும் முன்னால், பதினோரு வயதில், 1909 கிறிஸ்துமஸுக்கு அப்பா அம்மாவுக்குப் பித்தளைத் தகட்டை வளைத்து ஒரு வாத்து செய்து கொடுத்தார். தட்டினால் முன்னும் பின்னும் ஆடும். 1926இல் பாரிஸில் கம்பியும் துணியும் தக்கையுமாக ஒரு சர்க்கஸ் செய்ய ஆரம்பித்தார். அது வளர்ந்து ஐந்து பெட்டிகளை நிறைத்தது. ஓவியர்கள் மிரோவும் மோந்திரியானும் உட்கார்ந்து பார்த்த சர்க்கஸ் அது. அதைப் பற்றி 1961இல் எடுத்த திரைப்படத்தில், அறுபது தாண்டிய அந்தப் பருத்த மனிதர் தரையில் மண்டியிட்டுச் சிங்கத்துக்காகத் தானே உறுமுகிறார். முகத்தில் துளி வெட்கமில்லை. முதலில் பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவருக்கு உலகக் கவலை இல்லை என்று நினைக்காதீர்கள். 1937 பாரிஸ் கண்காட்சியில், ஸ்பெயின் குடியரசின் அரங்கில், பிக்காசோவின் போர் ஓவியம் ‘குவெர்னிக்கா’ இருந்த அதே இடத்தில், பாதரசம் ஓடும் நீரூற்று ஒன்றைச் செய்து வைத்தார். அந்தப் பாதரசம் ஸ்பெயினின் அல்மாடன் சுரங்கத்தினுடையது. அந்தக் குடியரசை எதிர்த்துப் போரிட்ட பிராங்கோவின் படைகள் பிடிக்கத் துடித்த ஊர் அது. சொல்ல வந்தது அங்கே தகட்டின் மேல் ஓடியது. நீங்களோ கொக்கைச் செய்து முடித்துவிட்டு, அதன் கழுத்தில் சுற்றுச்சூழலைக் கட்டித் தொங்கவிடப் பார்க்கிறீர்கள். வேண்டாம், தம்பி. அந்தக் குறிப்பைக் கிழித்துப் போடுங்கள். பொம்மை என்று சொன்னால் ஆமாம் என்று சொல்லிவிட்டுச் சாவியைத் திருகிக் காட்டுங்கள்.

அப்புறம், மோட்டார். கால்டரும் வைத்துப் பார்த்தார். ஒரே அசைவு திரும்பத் திரும்ப வந்து சலித்துப்போய், கம்பியில் துண்டுகளைச் சமனாகத் தொங்கவிட்டு, அசைப்பதைக் காற்றிடம் விட்டுவிட்டார். நீங்களும் மோட்டார் வாங்கும் முன் கம்பியில் சமன் பிடித்துப் பழகுங்கள். அடியில் தொங்கும் சின்னத் துண்டிலிருந்து தொடங்கி மேலே போங்கள். அவரும் அப்படித்தான் கட்டினார்.