கடலைக் காப்பகமாக்கும்போது மீனவரிடம் கேட்பார்களா?

கடலூர் தேவனாம்பட்டினம் கடலைக் காப்பகமாக்கினால் எங்களைக் கேட்பார்களா என்கிறீர்கள். எந்த வகைக் காப்பகம் என்பதைப் பொறுத்தது.

1972 வனவுயிர்ச் சட்டப்படி, தரையில் சரணாலயம் என்றால் ஆட்சியரிடம் உரிமை கோர 2 மாத அவகாசம் உண்டு. கடலுக்கு அந்த வழி இல்லை. மீனவரின் தொழில் நலனைக் காக்க வேண்டும் என்று 26ஏ பிரிவு சொல்வதோடு சரி. 36ஏ பிரிவில் வரும் காப்பகத்துக்குத்தான் உள்ளூர் மக்களைக் கலந்துபேசுவது கட்டாயம். பாக் விரிகுடாவில் 2022இல் அறிவித்த 448 சதுர கி.மீ. கடற்பசு காப்பகம் இந்த வகை. அதன் மேலாண்மைக் குழுவில் கிராமப் பஞ்சாயத்துக்கு இடம் உண்டு. மீனவ ஊர்களின் மரபுவழிச் சபையான நம் நாட்டார் பஞ்சாயத்தைச் சட்டம் பேர் சொல்லவே இல்லை, அதுதான் ஓட்டை.

கலந்துபேசும் கூட்டத்துக்குப் போனால் வெறும் எதிர்ப்போடு போகாதீர்கள். கவலை மீன் பிடிக்கும் வலை எந்த மாதம் எத்தனை பாகம் (ஒரு பாகம் சுமார் ஆறடி) ஆழத்தில் விழுகிறது என்று பெரியவர்களிடம் கேட்டு, வரைபடத்தில் குறித்து, அதிகாரியிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.